ஒத்து ஊதியது போதும்: டியூபாவுக்குத் தனிப் படைப்பு எழுத வேண்டியவர்கள் யார்?

இன்று நம்மிடையே வாழும் இசையமைப்பாளர்களில் யார் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவிக்குப் புதிய தனிப் படைப்புகள் எழுத வேண்டும்? பித்தளைக் கருவி வாசிப்பவர்கள் நடுவே இந்தக் கேள்வி எழுந்தால் மளமளவென்று பெயர்கள் வந்து விழும். பெரும்பாலும் விருது வாங்கியவர்கள், திரைப்படங்களுக்கு எழுதுபவர்கள், எல்லாருக்கும் தெரிந்தவர்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதில் இரண்டு குழப்பம். அடியில் நின்று 'பொம் பொம்' என்று ஊதும் கருவிக்குத் தனியாக எழுத என்ன இருக்கிறது? இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், டியூபாவுக்குத்தான் கான்செர்ட்டோக்கள், அதாவது ஆர்கெஸ்ட்ராவை முன்னின்று வாசிக்கும் படைப்புகள், வந்துவிட்டனவே, இன்னும் எதற்குக் கேட்கிறார்கள்?

இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. கான்செர்ட்டோவுக்குப் பஞ்சமில்லை. பக்கத்தில் யாரும் இல்லாமல் ஒரே ஒரு டியூபா மேடையில் உட்கார்ந்து கால்மணி நேரம் நம்மைக் கட்டிப்போடும் படைப்புகள்தான் மிகக் குறைவு. அதை எழுதப் புகழ் உதவாது, தாழ்ந்த ஒலியில் குடியிருக்கும் காது வேண்டும். அந்தக் காது யார் யாருக்கு இருக்கிறது என்று பார்க்கும் முன்பு, கருவியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

டியூபா எது, எது அல்ல

பித்தளைக் காற்றுக் கருவிகளில் ஆகத் தாழ்ந்து ஒலிப்பது டியூபா. கிண்ணம் போன்ற ஊதுவாயில் உதடுகளை அதிரவைத்து ஊதுவார்கள். வால்வை அழுத்தினால் காற்று போகும் குழாயின் நீளம் கூடும், சுரம் இறங்கும். 1835-ல் பெர்லினில் வில்ஹெல்ம் வீப்ரெக்ட் என்ற ராணுவ இசைத் தலைவரும், யோஹான் காட்ஃபிரீட் மோரிட்ஸ் என்ற கருவி செய்பவரும் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். பேத்தோவன் 1827-லேயே போய்விட்டார். மேற்கத்திய இசையின் பெருஞ்செல்வம் பாதிக்கு மேல் பங்கு பிரிக்கப்பட்ட பிறகு பிறந்த கடைக்குட்டி இது.

அதற்கு முன்பு அந்த இடத்தில் பாம்பு போல் வளைந்த 'செர்ப்பெண்ட்' என்ற மரக்குழாயும், சாவிகள் வைத்த 'ஆஃபிக்ளைட்' என்ற பித்தளைக் கருவியும் இருந்தன. பெர்லியோஸ் 1830-ல் தன் 'சிம்ஃபனி ஃபந்தாஸ்டிக்'கில் எழுதியது அவற்றுக்குத்தான். இன்று அந்தப் பகுதிகளைப் பெரும்பாலும் டியூபாவே வாசிக்கிறது.

ஒரே பெயரில் நான்கு கருவிகள் நடமாடுகின்றன என்பது அடுத்த சிக்கல். எஃப், ஈ-ஃபிளாட், சி, பி-ஃபிளாட் என்று நான்கு சுருதிகளில் டியூபா செய்கிறார்கள். எஃப் டியூபாவின் குழாயை நீட்டினால் சுமார் 3.7 மீட்டர், பி-ஃபிளாட் டியூபாவுடையது சுமார் 5.5 மீட்டர். அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்கள் சி டியூபாவை விரும்பும், ஜெர்மனியில் எஃப்பும் பி-ஃபிளாட்டும், பிரிட்டனில் ஈ-ஃபிளாட். பிரான்ஸில் ஒரு காலத்தில் இவற்றைவிடச் சிறிய ஒன்று புழக்கத்தில் இருந்தது. முசோர்க்ஸ்கியின் 'கண்காட்சிச் சித்திரங்கள்' பியானோ தொகுப்பை ராவெல் 1922-ல் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றியபோது, மாட்டுவண்டிப் பகுதியை அந்தச் சிறிய டியூபாவை மனதில் வைத்து மேலே எழுதினார். பெரிய டியூபாவோடு அதை ஏறிப் பிடிக்க இன்றும் பலர் திணறுகிறார்கள், சிலர் அந்த இடத்துக்கு மட்டும் டியூபாவைவிடச் சிறிய யூஃபோனியம் என்ற பித்தளைக் கருவியை எடுத்துக்கொள்கிறார்கள். 'டியூபாவுக்கு' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் இது.

'வாக்னர் டியூபா' என்று கேள்விப்பட்டிருந்தால் அதை இங்கே மறந்துவிடலாம். அது ஹார்ன் கலைஞர்கள் வாசிக்கும் வேறு கருவி. தோளில் சுற்றிப் போட்டுக்கொண்டு ஊர்வலத்தில் ஊதும் சூசஃபோன், டியூபாவின் சொந்தத் தம்பி.

'தனி' என்ற சொல்லுக்குள் நான்கு பொருள்

'தனிப் படைப்பு வேண்டும்' என்று கேட்பவர்கள் ஆளுக்கொன்றை நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். பிரித்துவிடலாம்.

1. துணையே இல்லாத தனி: ஒரு டியூபா, ஒரு மனிதர், வேறெதுவும் இல்லை.
2. டியூபாவும் பியானோவும்: கச்சேரி மேடைக்கும் இசைக்கல்லூரித் தேர்வுக்கும் வழக்கமான வடிவம். சொனாட்டாக்கள் இந்த வகையில் சேரும்.
3. கான்செர்ட்டோ: முன்னால் டியூபா, பின்னால் முழு ஆர்கெஸ்ட்ரா அல்லது பித்தளைக் குழு.
4. டியூபாவும் மின்னணு ஒலியும்: முன்பே பதிவு செய்த ஒலியோடு வாசிப்பது, அல்லது ஊதும் ஒலியை அந்த நேரத்திலேயே கணினி உருமாற்றுவது.

மூன்றாவதுதான் செய்தியில் வரும், விளம்பரம் பெறும். ஆனால் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் வழக்கமாக ஒரே ஒரு டியூபாக் கலைஞர்தான் இருப்பார். அவரை முன்னால் நிறுத்திக் கான்செர்ட்டோ வாசிக்க வைக்கும் வாய்ப்பு அபூர்வம். எனவே முதல் அரங்கேற்றத்துக்குப் பிறகு கான்செர்ட்டோ பெரும்பாலும் 'பியானோச் சுருக்கம்' என்ற வடிவில்தான் வாழ்கிறது: ஆர்கெஸ்ட்ரா வாசிக்க வேண்டியதையெல்லாம் ஒரு பியானோவில் அடக்கிக் கொடுப்பது. எழுதியவர் மனதில் கேட்ட நிறங்களில் பெரும்பகுதி அங்கே காணாமல் போகும். முதல் வகைக்கும் நான்காம் வகைக்கும் இந்தச் சேதாரம் கிடையாது. ஒரு கலைஞர் எந்த ஊரில், எந்த மேடையில் ஏறினாலும் எழுதியது எழுதியபடியே ஒலிக்கும்.

இதுவரை கையில் இருப்பது

முதல் நூறு ஆண்டுகளுக்கு மேல் டியூபாவுக்குக் கிடைத்ததெல்லாம் ஆர்கெஸ்ட்ராவுக்குள் நாலு வரி. வாக்னர் தன் 'மைஸ்டர்சிங்கர்' முன்னிசையில் அதற்கு ஒரு ட்ரில் (பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டை வேகமாக மாற்றி மாற்றி ஊதுவது) கொடுத்தார். ஸ்ட்ராவின்ஸ்கி 1911-ல் 'பெத்ருஷ்கா' பாலேயில் கரடி வரும் இடத்தைக் கொடுத்தார். கரடி, யானை, மாட்டுவண்டி: டியூபா மெட்டு வாசித்தால் மேடையில் ஏதோ ஒரு கனத்த பிராணி வந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கும் ஒரு மெட்டு தாருங்கள் என்று டியூபா ஏங்குவதையே கதையாக்கி 1945-ல் குழந்தைகளுக்கு ஓர் ஆர்கெஸ்ட்ராக் கதை வந்தது. வேடிக்கைக்காகச் செய்ததுதான், ஆனால் நிலைமை உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. மற்றவர்களுக்கு ஒத்து ஊதுவதே பிழைப்பு.

திருப்பம் 1954 ஜூனில் வந்தது. ஆங்கில இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் 81 வயதில் எழுதிய டியூபா கான்செர்ட்டோவை லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவின் பொன்விழாவில் ஃபிலிப் காட்லினே வாசித்தார், பார்பிரொல்லி நடத்தினார். அதன் நடுப்பகுதியான 'ரொமான்ஸா'வில் கரடி இல்லை, யானை இல்லை. செல்லோவுக்குக் கொடுத்திருக்கக்கூடிய ஒரு பாட்டு இருக்கிறது. அடுத்த ஆண்டே ஜெர்மானிய இசையமைப்பாளர் ஹிண்டெமித் டியூபா-பியானோ சொனாட்டா எழுதினார். பெரிய பெயர்கள் இரண்டு கையெழுத்துப் போட்டதும் கதவு கொஞ்சம் திறந்தது.

அதற்குப் பிறகு உழைத்தவர்கள் பெரும்பாலும் வாசிப்பவர்கள்தான். அமெரிக்காவில் ஹார்வி ஃபிலிப்ஸ், இசையமைப்பாளர்களை விடாமல் துரத்தித் துரத்தி எழுத வைத்தார். அலெக் வைல்டரின் டியூபாப் படைப்புகள் அந்த நட்பில் விளைந்தவை. ராஜர் போபோவுக்காக வில்லியம் கிராஃப்ட் 'என்கவுண்டர்ஸ் 2' எழுதினார். துணையில்லாத டியூபாவில் என்னவெல்லாம் முடியும் என்று காட்டிய படைப்பு அது. பெர்சிகெட்டியின் 'செரினேட்' எண் 12-ம் துணையில்லாததுதான். போலந்தின் ஸ்ஜிஸ்வாவ் பியெர்னிக்குக்காகப் பெண்டரெட்ஸ்கி 1980-ல் 'கப்ரிச்சோ' எழுதினார். இன்று உலகெங்கும் தேர்வுகளிலும் போட்டிகளிலும் அதைக் கேட்கலாம்.

கான்செர்ட்டோப் பக்கம் கூட்டம் நிறைய. கிரெக்சன் 1976, ஜான் வில்லியம்ஸ் 1985, பிர்ட்விசிலின் 'அனுபிஸின் அழுகை' 1994. ஆர்கெஸ்ட்ராவின் முக்கியக் கருவிகள் ஒன்றுவிடாமல் கான்செர்ட்டோ எழுதி வரும் ஃபின்லாந்தின் காலெவி ஆஹோ டியூபாவையும் விட்டுவைக்கவில்லை. டாஹர்ட்டி மிசிசிப்பி ஆற்றை வைத்து எழுதினார். ஜெனிஃபர் ஹிக்டனுடையது 2018-ல் பிட்ஸ்பர்கில் அரங்கேறியது. விண்டன் மார்சலிஸ் எழுதியதை 2021-ல் ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவின் கேரல் யான்ச் வாசித்தார்.

ஓட்டை எங்கே

மேலே உள்ள இரண்டு பத்திகளையும் எடை போட்டால் தெரிந்துவிடும். துணையில்லாத படைப்புகளில் எல்லாரும் கை நீட்டுபவை பெரும்பாலும் 1960-லிருந்து 1980 வரை எழுதப்பட்டவை. இருபதாம் நூற்றாண்டின் தனிப் படைப்புகளில் மிகப் பெரிய வரிசை லூசியானோ பெரியோவின் 'செக்குவென்சா'க்கள். 1958 முதல் 2002 வரை 14 எண்கள். புல்லாங்குழல், யாழின் மேற்கத்தியச் சொந்தமான ஹார்ப், மனிதக் குரல், ட்ரம்போன், ட்ரம்பெட், பஸூன், அக்கார்டியன் வரைக்கும் வந்தார். டியூபாவுக்கு வரவில்லை. ட்ரம்போன் கலைஞர் ஒருவர் 'செக்குவென்சா 5'ஐ எடுத்து வைத்தால் ஈடாக எடுத்து வைக்க டியூபாக்காரரிடம் பெண்டரெட்ஸ்கியும் கிராஃப்டும்தான்.

டியூபாவை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாத பெரியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பெண்டரெட்ஸ்கி 2020-ல், பிர்ட்விசில் 2022-ல், டியூபா-பியானோவுக்கு 'லமெண்டோ' எழுதிய குபைதுலினா 2025-ல். 'உயிரோடு இருப்பவர்களில் யார்' என்ற அவசரம் இதிலிருந்து வருகிறது.

வாசிப்பவர்களே எழுதிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். எழுதுகிறார்கள், நன்றாகவும் எழுதுகிறார்கள். நார்வேயின் ஓய்ஸ்டீன் போட்ஸ்விக்கின் 'ஃப்னுக்' ஒரு நல்ல உதாரணம். பாடிக்கொண்டே ஊதுவது, உதட்டால் தாளம் தட்டுவது எல்லாம் சேர்ந்து, டியூபாவைப் பற்றி ஒன்றும் தெரியாதவரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். ஆனால் கைக்குப் பழகிய வித்தையிலிருந்து புறப்படும் இசைக்கும், அந்தக் கைப்பழக்கமே இல்லாத ஒருவர் கேட்டதிலிருந்து புறப்படும் இசைக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவது வகையில்தான் கருவி தன் பழைய எல்லையைத் தாண்டும்.

எழுத உட்காருபவர் போட வேண்டிய கணக்கு

யாரைக் கேட்கலாம் என்பதைத் தீர்மானிப்பது கருவியின் இயற்பியல். அதனால் இந்தப் பகுதி கொஞ்சம் நீளும்.

1. மூச்சு. வளர்ந்த ஒருவர் நுரையீரலிலிருந்து முழுக்க வெளியே தள்ளக்கூடிய காற்று சுமார் 4 முதல் 5 லிட்டர். ஓபோ என்ற மெல்லிய மரக்குழல் வாசிப்பவருக்கு அதைச் செலவழிக்க வழி தெரியாது, அவ்வளவு குறுகிய துவாரம். டியூபாவில், அதுவும் கீழ் ஸ்தாயியில் பலமாக ஊதினால், சில நொடிகளில் கையிருப்பு காலி. மூக்கால் இழுத்துக்கொண்டே கன்னத்திலுள்ள காற்றால் ஊதும் தொடர்மூச்சு வித்தையும் இங்கே எளிதில் கைகொடுக்காது, கன்னத்தில் அடங்கும் காற்று போதாது. சிகாகோ சிம்ஃபனியில் 1944 முதல் 1988 வரை டியூபா வாசித்த ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் மற்றக் கருவிக்காரர்களுக்கும் மூச்சு ஆசானாக இருந்தது தற்செயல் இல்லை. மூச்சு வாங்கும் இடத்தை இசைக்கு நடுவே வந்த இடையூறாக நினைப்பவர் துணையில்லாத டியூபாவுக்கு எழுதக்கூடாது. அதையே இசையாக்கத் தெரிந்தவர் வேண்டும்.

2. தாமதம். பி-ஃபிளாட் டியூபாவின் 5.5 மீட்டர் குழாயில் ஒலி கடைசிவரை போய்த் திரும்ப 32 மில்லிநொடி ஆகும். இப்படி இரண்டு மூன்று முறை போய்வந்த பிறகுதான் உதட்டின் அதிர்வும் குழாயின் அதிர்வும் ஒத்துப்போய்ச் சுரம் நிலைக்கும். அதாவது ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில், ஒரு தட்டுக்கு நான்கு சுரம் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 125 மில்லிநொடி. சுரம் உருவாகி முடிந்த கையோடு அடுத்தது வந்துவிடும். நடு ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் டியூபா துள்ளும், நல்ல கலைஞர் கையில் பறக்கும். அடியில் மட்டும் அவசரப்படுத்தக்கூடாது.

3. காது. மனிதக் காது தாழ்ந்த ஒலிக்குக் கொஞ்சம் மந்தம். 1000 ஹெர்ட்ஸில் காதில் விழும் மிக மெல்லிய ஒலியோடு ஒப்பிட்டால், 40 ஹெர்ட்ஸில் அதைவிடச் சுமார் 50 டெசிபல் கூடுதலாக இருந்தால்தான் கேட்கத் தொடங்கும். அப்படியும் டியூபா நமக்குக் கேட்பதற்குக் காரணம் மேற்சுரங்கள்: ஒரு சுரத்தை ஊதும்போது அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்குமடங்கு அதிர்வெண்களும் கூடவே ஒலிக்கும். அடிச்சுரமே எட்டாவிட்டாலும் இந்த மேற்சுரங்களை வைத்து மூளை அதைக் கட்டியெழுப்பிக்கொள்ளும். கைபேசியின் குட்டி ஒலிபெருக்கியில் டியூபாவைக் கேட்டுவிட்டு 'இதில் என்ன இருக்கிறது' என்பவர்கள் கேட்டது மேற்சுரங்களை மட்டும்தான். கருவியின் பாதி அவர்களுக்கு வந்தே சேரவில்லை.

4. பாடிக்கொண்டே ஊதுவது. ஒரு சுரத்தை ஊதி, தொண்டையால் இன்னொன்றைப் பாடினால் இரண்டுதானே கேட்க வேண்டும்? நான்கு கேட்கும். 110 ஹெர்ட்ஸில் ஷட்ஜத்தை ஊதி 165 ஹெர்ட்ஸில் பஞ்சமத்தைப் பாடினால், வித்தியாசமான 55-ம் கூட்டுத்தொகையான 275-ம் சேர்ந்து எழும். 55 என்பது கீழ் ஸ்தாயி ஷட்ஜம், 275 மேல் ஸ்தாயி அந்தர காந்தாரம். யாரும் ஊதாத, யாரும் பாடாத ஒரு காந்தாரம் அந்தரத்தில் வந்து நிற்கும். ட்ரம்போனிலும் ஹார்னிலும் இது முடியும். டியூபாவில் ஊதும் சுரமே மனிதக் குரலுக்குக் கீழே கிடப்பதால் அதற்கு மேலே பாட நிறைய இடம் இருக்கிறது.

5. நுண்சுருதி. வால்வுக் கருவிகளில் அரைச்சுரத்துக்கு இடைப்பட்ட சுருதிகளைப் பிடிப்பது உதட்டின் தயவு. பெர்லினில் வாழும் ராபின் ஹேவர்ட் இதற்கென்றே ஒரு நுண்சுருதி டியூபாவை 2009-ல் உருவாக்கினார். ஸ்வீடனின் எல்லென் ஆர்க்ப்ரோ 2017-ல் வெளியிட்ட, ஆர்கனுக்கும் பித்தளைக்குமான படைப்பில் அந்தக் கருவி ஒலிக்கிறது. நகராதது போல் நின்று, நின்ற இடத்திலேயே நிறம் மாறும் இசை.

சரி, யார்?

இந்தக் கணக்கு தெரிந்த பிறகு பெயர்ப் பட்டியல் தானாகவே வடிகட்டிக்கொள்ளும். இங்கே வருபவர்களில் சிலர் டியூபாவைத் தங்கள் குழுவில் வைத்திருப்பவர்கள், மற்றவர்கள் வேறு கருவிகளில் இதே பிரச்சினைகளைத் தீர்த்தவர்கள்.

1. ஹென்றி த்ரெட்கில். என் பட்டியலில் இவருக்குத்தான் முதலிடம். 1944-ல் பிறந்தவர், சாக்ஸஃபோனும் புல்லாங்குழலும் வாசிப்பவர், 2016-ல் இசைக்கான புலிட்சர் பரிசு பெற்றவர். ஜாஸ் குழுவில் மற்றவர்கள் டபுள் பாஸ் வைக்கும் இடத்தில் பல பத்தாண்டுகளாக டியூபா வைத்திருப்பவர். 'வெரி வெரி சர்க்கஸ்' என்ற குழுவில் ஒன்றுக்கு இரண்டு டியூபா. 'ஸூயிட்' குழுவில் டியூபா ஆதாரச் சுரம் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை, மற்றவர்களோடு சமமாக வாக்குவாதம் செய்யும். டியூபா எப்போது மூச்சு வாங்கும், எங்கே தயங்கும், எங்கே துள்ளும் என்பதை இவரளவுக்கு நீண்ட காலம் பக்கத்தில் நின்று கேட்ட இசையமைப்பாளர் இன்று வேறு யாராவது உண்டா என்பது சந்தேகம். கச்சேரி இசை உலகம் இவரிடம் போகாததற்கு ஒரே காரணம், ஜாஸ் என்று ஒரு சீட்டு ஒட்டி வைத்திருப்பதுதான்.

2. ரெபெக்கா சாண்டர்ஸ். 1967-ல் பிறந்த பிரிட்டிஷ்காரர், பெர்லினில் வாழ்கிறார், 2019-ல் சீமென்ஸ் இசைப் பரிசு பெற்றார். இவர் எழுதும் முறைதான் இங்கே முக்கியம். ஒரு கலைஞரோடு நாள்கணக்கில் உட்கார்ந்து, கருவியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியாகக் கேட்டுப் பட்டியல் போட்டுவிட்டுத்தான் எழுதுவார். டபுள் பாஸுக்குத் தனியாக எழுதிய 'ஃபியூரி'யில், வில் கம்பியில் அழுந்தும் சத்தமே நாடகமாகிறது. டியூபாவில் சுரம் தொடங்கும் முன் வரும் வெறும் காற்று, வால்வு பாதியில் நிற்கும்போது வரும் திணறல், உதடு கைவிடும் கணம், இதையெல்லாம் பிழை என்று துடைத்தெறிவதுதான் வழக்கம். இவர் கையில் அவைதான் மூலப்பொருள் ஆகும்.

3. ஜார்ஜ் ஃபிரீட்ரிக் ஹாஸ். 1953-ல் பிறந்த ஆஸ்திரியர். 2000-ல் எழுதிய 'இன் வைன்' 24 கருவிகளுக்கானது, சில இடங்களில் அரங்க விளக்குகள் முழுக்க அணைந்துவிடும், இருட்டில் மனப்பாடமாக வாசிப்பார்கள். நாம் பியானோவில் கேட்டுப் பழகிய சமப்படுத்திய சுருதியையும், மேற்சுர வரிசையின் இயற்கைச் சுருதியையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது இவருடைய பாணி. நுண்சுருதி டியூபாவும், பாடும்போது எழும் அந்த அந்தரக் காந்தாரமும் இவருக்காகவே காத்திருப்பது போல் இருக்கின்றன. கூடவே இருட்டு அரங்கில் ஒரு தனி டியூபா என்று நினைத்துப் பாருங்கள். கரடியைத் தேடக் கண்ணுக்கு வேலையே இருக்காது.

4. ஜான் லூதர் ஆடம்ஸ். 'பிகம் ஓஷன்' எழுதிப் புலிட்சர் 2014 பெற்றவர். இவரைச் சேர்க்கக் காரணம் அதைவிடச் சிறிய இன்னொரு படைப்பு. 2011-ல் எழுதிய 'தி விண்ட் இன் ஹை ப்ளேசஸ்' என்ற நால்வர் கம்பி இசையில், விரல்கள் விரற்பலகையை ஒருமுறைகூட அழுத்துவதில்லை. திறந்த கம்பிகளும் இயற்கை மேற்சுரங்களும் மட்டுமே. இதை அப்படியே டியூபாவுக்குத் திருப்பினால், வால்வையே தொடாமல், ஒரே நீளக் குழாயின் மேற்சுரங்களை மட்டும் ஏறி இறங்கும் கால்மணி நேர இசை. வேகம் தேவையில்லை, மூச்சு விடும் இடைவெளிகள் தாமாகவே அமையும். இவருக்குப் பழக்கமான நிலக்காட்சி.

5. கேரலைன் ஷா. 2013-ல் 30 வயதில் புலிட்சர் வாங்கியவர், தானே பாடகர். எட்டுக் குரல்களுக்கு எழுதிய 'பார்ட்டிட்டா'வில் பேச்சு, முனகல், தொண்டைப் பாட்டு எல்லாம் உண்டு. பாடிக்கொண்டே ஊதும் வித்தை பல டியூபாப் படைப்புகளில் சர்க்கஸ் போல் வந்துபோகும். குரலுக்குள்ளிருந்து யோசிக்கும் ஒருவர் எழுதினால் அது இரண்டு பேர் பேசிக்கொள்வது போல் ஆகலாம்.

6. ஆனா தோர்வால்ட்ஸ்டோட்டிர். 'மெட்டாகாஸ்மாஸ்', 'கேட்டமார்ஃபசிஸ்' போன்ற ஆர்கெஸ்ட்ராப் படைப்புகளில் தரைக்கடியில் ஏதோ நகர்வது போன்ற ஒலியை எழுப்பும் ஐஸ்லாந்துக்காரர். இவருக்கு நான்காம் வகை, அதாவது மின்னணு ஒலியோடு சேர்ந்தது, பொருந்தும் என்று தோன்றுகிறது. துணையே இல்லாமல் விட்டால் அந்த ஆழம் கிடைக்குமா என்பதில் எனக்குச் சிறு தயக்கம்.

உன்சுக் சின்னையும் சிலர் சொல்வார்கள். சீனத்து ஷெங் என்ற வாய்க்கருவிக்கு 2009-ல் அவர் எழுதிய 'ஷூ'வைக் கேட்டால் மூச்சின் இசை அவருக்கு எவ்வளவு வசப்படுகிறது என்று தெரியும். ஆனால் அவருடைய மின்னல் பெரும்பாலும் மேல் ஸ்தாயியில் அடிக்கிறது. அவர் டியூபா பக்கம் வந்தால் சந்தோஷம்தான், முதல் ஆளாகக் கேட்க மாட்டேன்.

ஜான் வில்லியம்ஸ், ஹிக்டன், மார்சலிஸ், ஆஹோ ஆகியோரிடம் இன்னொன்று கேட்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். அவர்கள் தங்கள் பங்கைக் கொடுத்துவிட்டார்கள், கொடுத்ததும் நல்ல பங்கு. திரைப்பட இசையமைப்பாளர்கள் நிறைய டியூபா எழுதுகிறார்களே என்பதும் அடிக்கடி வரும் வாதம். எழுதுகிறார்கள்தான், ஆனால் அங்கே டியூபா பெரும்பாலும் ஒரு கனத்த பித்தளைச் சுவரின் அடிக்கல். சுவருக்கு எழுதத் தெரிந்தவருக்கு ஒற்றைக் கல்லுக்கு எழுதத் தெரியும் என்று சொல்ல முடியாது.

கேட்டால் மட்டும் வந்துவிடுமா

மேலே சொன்ன எவரும் ஒரு நாள் காலையில் எழுந்து டியூபாவுக்கு எழுதுவோம் என்று உட்காரப் போவதில்லை. இந்த உலகில் படைப்புகள் 'நியமனம்' வழியாகப் பிறக்கின்றன: ஒருவர் பணம் கொடுத்து, எவ்வளவு நேரம், என்ன கருவி, எந்தத் தேதிக்குள் என்று ஒப்பந்தம் போட்டு எழுதச் சொல்வது. ஆர்கெஸ்ட்ராவிடம் அதற்கு நிதி இருக்கும், அதனால்தான் கான்செர்ட்டோக்கள் குவிகின்றன. துணையில்லாத படைப்புக்குப் பின்னால் நிறுவனம் கிடையாது, ஒரு கலைஞரின் சட்டைப்பைதான்.

இதற்கு வழி கூட்டு நியமனம். பல கலைஞர்களும் இசைக்கல்லூரிகளும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரே படைப்பை வாங்குவார்கள். முதல் அரங்கேற்றம் ஒருவருக்குப் போகும், பணம் போட்ட மற்றவர்கள் தத்தம் ஊரில் வாசிப்பார்கள். இதில் பணத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. புதிய இசைக்கு முதல் அரங்கேற்றம் கிடைப்பது எளிது, இரண்டாவது மேடை கிடைப்பதுதான் கஷ்டம். கூட்டு நியமனத்தில் இருபது பேர் சேர்ந்தால் இருபது மேடை முன்கூட்டியே உறுதி.

ஒப்பந்தத்தில் விட்டுவிடக் கூடாதவை:

1. எந்த டியூபா. எஃப்பா, சியா என்று இசைத்தாளின் தலையிலேயே இருக்க வேண்டும். வேறு சுருதிக் கருவியில் வாசிக்க நேர்ந்தால் எந்தச் சுரங்களை மாற்றலாம் என்பதையும் எழுதியவரே சொல்லிவிட்டால் ராவெலின் மாட்டுவண்டி இன்னொரு முறை சேற்றில் சிக்காது.
2. கலைஞரோடு உட்காரும் நாட்கள். குறைந்தது இரண்டு முறை, ஒன்று எழுதத் தொடங்கும் முன்பு. கணினியில் வரும் போலி டியூபா ஒலிக்கு மூச்சே வாங்காது. அதை நம்பி எழுதிய பக்கங்கள் அரங்கேற்றத்துக்கு முந்தைய வாரம் கிழிபடும்.
3. தனியுரிமைக் காலம். பணம் போட்டவர்களைத் தவிர வேறு யாரும் வாசிக்கக் கூடாது என்ற தடை ஓராண்டுக்கு மேல் வேண்டாம். ஒரே ஒருவர் மட்டும் வாசித்துப் பெட்டியில் பூட்டிய படைப்பு, எழுதப்படாத படைப்புக்குச் சமம்.
4. நீளம். பத்து முதல் பதினைந்து நிமிடம். அதற்குக் குறைந்தால் கச்சேரியில் இடைச்செருகலாகப் போய்விடும். கூடினால் உதடு தாங்காது, வாசிக்கத் துணிபவர்களும் குறைந்துவிடுவார்கள்.